நீச்சல் தெரியாத அம்மாவோடு கயாக்: அமைதியான இடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கொல்லம் பக்கத்தில் உள்ள மன்றோ தீவில், விடியற்காலையில் அம்மாவைக் கயாக்கில் (துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகு) உட்காரவைத்து இரண்டு மணி நேரம் சுற்றிவந்தேன். அம்மாவுக்கு 61 வயது. நீச்சல் தெரியாது. கரையேறியதும், "அடுத்த தடவ அத்தையையும் கூட்டிட்டு வரணும்" என்றாள். அதற்கு ஒரு வருடம் முன்பு வேறோர் இடத்தில் இதே முயற்சி செய்து, அம்மா நடுங்கிப்போய்க் கரைக்கு வந்தாள். படகு அதே வகை, துடுப்பு அதே வகை. தேர்ந்தெடுத்த இடமும் நேரமும்தான் வேறு.

துடுப்புப் போடுவதை இங்கே சொல்லித்தரப் போவதில்லை. வாடகைக்குத் தருபவரே ஐந்து நிமிடத்தில் காட்டிவிடுவார். எங்கே, எப்போது என்பதை மட்டும் பார்ப்போம்.

1. தூரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

பழகியவர்கள் நிதானமாகத் துடுப்புப் போட்டால் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போவார்கள். முதல்முறை வருபவரோடு என்றால் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்தி வேடிக்கை பார்க்கவும் நேரம் வேண்டுமே. ஆகவே போகவர மொத்தம் 4 கிலோமீட்டர் போதும். உங்கள் தெம்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உங்களோடு வருபவரின் தெம்புதான் கணக்கு.

2. செயற்கைக்கோள் படத்தில் குறுகலான நீரைத் தேடுங்கள்

இதற்கு கூகுள் மேப்ஸ் தாராளம். செயற்கைக்கோள் காட்சிக்கு மாற்றி, இருபுறமும் மரம் அடர்ந்த குறுகிய கால்வாய்களைப் பாருங்கள். அகன்ற ஏரியும் காயலும் புகைப்படத்தில் அழகாக இருக்கும். ஆனால் காற்று தடையில்லாமல் ஓட இடம் கிடைத்தால் அலை எழும்பிவிடும். பத்து மீட்டர் அகலக் கால்வாயில் அதே காற்று தென்னை ஓலையை ஆட்டிவிட்டுப் போய்விடும், தண்ணீர் அசையாது.

அரை கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது கரையேற இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். படித்துறை, பாலத்தடி, தோப்பு எதுவானாலும் சரி. களைப்போ பயமோ வந்தால் இறங்கிவிடலாம் என்ற நினைப்பே பக்கத்தில் இருப்பவருக்குப் பெரிய ஆறுதல்.

மன்றோ தீவை நான் தேர்ந்தெடுத்தது இப்படித்தான். கல்லடை ஆறு அஷ்டமுடிக் காயலில் கலக்கும் இடம் அது. உள்ளே வீடுகளுக்கு நடுவே கால்வாய்கள் பின்னிப் பின்னிப் போகின்றன. ஆலப்புழையில் பெரிய படகுவீடுகள் ஓடும் முக்கிய நீர்வழியைப் புதியவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு படகும் கிளப்பிவிட்டுப் போகும் அலையும் டீசல் வாசனையும் அமைதியைக் கெடுத்துவிடும். அங்கேயும் உள்ளூர்ச் சிறு கால்வாய்கள் நன்றாக இருக்கும். ஆனால் நன்னீர்ப் பக்கம் போனால் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கலாம். படம் எடுத்த மாதத்தில் தெளிவாக இருந்த கால்வாய் நீங்கள் போகும்போது பச்சைக் கம்பளமாக மூடிக் கிடக்கும். இதை மட்டும் போன் போட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அணை நீர்த்தேக்கம் அமைதியாகத் தெரிகிறதே என்று நீங்களாகவே இறங்கிவிடாதீர்கள். அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும், அமராவதி அணையில் முதலைகள் இருக்கின்றன. அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்பதும் கரையில் நிற்பவருக்குத் தெரியாது.

3. காற்று: நான் தவறிய இடம்

முதல்முறை நாங்கள் போனது கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் உப்பங்கழி. காலை பத்தரைக்குக் கிளம்பினோம். கடலுக்குப் பக்கத்திலிருந்து உள்நாட்டுப் பக்கம், அதாவது மேற்கே போனோம். சிரமமே தெரியவில்லை. துடுப்பைத் தொட்டாலே படகு ஓடியது. நமக்கு நன்றாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டேன்.

திரும்பும்போதுதான் விஷயம் புரிந்தது. எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது கடற்காற்று. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி அதன் மேலுள்ள காற்று எழும்பும், அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். நம் கிழக்குக் கரையில் அது கிழக்கிலிருந்து வீசும். உச்சிவேளையில் அது முழு வேகத்தில் எங்கள் முகத்தில் அடித்தது. துடுப்பை ஒரு நிமிடம் நிறுத்தினால் படகு பின்னால் போகிறது. அம்மா படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கரை கிட்ட வந்துடுச்சா டீ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இருபது நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பிவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அன்றிலிருந்து மூன்று விஷயங்களை விடாமல் செய்கிறேன்.

போகும்போது காற்றை எதிர்த்துப் போவேன். தெம்பு இருக்கும்போதே கஷ்டமான பாதியை முடித்துவிட்டால், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். படகில் ஏறும் முன் இரண்டு நிமிடம் கரையில் நின்று காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பாருங்கள், போதும்.

விடிந்ததும் இறங்கி ஒன்பது மணிக்குள் ஏறிவிடுவேன். சாயங்கால வெளிச்சம் அழகுதான், ஆனால் காற்று அடங்குமா என்பது நிச்சயமில்லை. இருட்டினால் வழியும் தெரியாது.

முந்தின நாள் இரவு விண்டி செயலியில் காற்றின் வேகம் பார்ப்பேன். வேறு செயலிகளும் இருக்கின்றன, எனக்கு இதுதான் பிடிக்கும். மணிவாரியாகக் காட்டும், இடையிடையே வரும் திடீர் வீச்சையும் தனியாகக் காட்டும். அலகைக் கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மணிக்கு 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் நிம்மதியாகப் போகலாம். 12 முதல் 19 வரை என்றால் திறந்த நீரில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பிக்கும், கால்வாய்க்குள் மட்டும் போங்கள். 20ஐத் தாண்டினால் அன்றைக்கு வேண்டாம்.

இடிச் சத்தம் கேட்டால் இந்த எண்களையெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே கரை. கேரளத்தில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதியத்துக்கு மேல் இடிமழை சகஜம்.

4. ஏற்றமும் வற்றமும்

கடலோடு தொடர்புள்ள எந்தக் கழியிலும் தண்ணீர் ஏறும், வற்றும். சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும், ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கமும் இழுப்பும் அதிகம். பாதி நிலவு தெரியும் அஷ்டமியை ஒட்டிக் குறைவு. அதனால் அஷ்டமி அன்று போகலாம் என்றேன். "அஷ்டமியில யாராவது புதுசா ஒண்ணு ஆரம்பிப்பாங்களா? தசமிக்குப் போவோம்" என்றாள் அம்மா. தேடிப் பார்த்தால், பாதி நிலவுக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் ஏற்ற இறக்கம் மிகக் குறைவாக இருக்குமாம். தசமி எல்லா வகையிலும் பொருந்தியது.

நீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து இறங்குங்கள். அப்போது சேற்றில் தரைதட்டினாலும் கொஞ்ச நேரத்தில் தண்ணீரே தூக்கிவிடும். வற்றும்போது தட்டினால் மணிக்கணக்கில் அங்கேயே உட்கார வேண்டியதுதான். முகத்துவாரத்தின் பக்கமே போகாதீர்கள். வற்றும் நீர் கடலை நோக்கி இழுக்கும். மீன்வலைக்காக நட்ட கழிகளிலிருந்தும் விலகியே இருங்கள். இழுப்பு படகைக் கழிகளில் கொண்டுபோய்ச் சாத்திவிட்டால் விடுவிப்பது கஷ்டம், வலையும் கிழியும். அது ஒருவருடைய பிழைப்பு.

5. போனில் கேட்க வேண்டியவை

கூட ஒருவர் துணைக்குத் துடுப்புப் போட்டு வருவாரா? உடம்புக்குச் சரியான அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? கவிழ்ந்தால் என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு "அதெல்லாம் கவிழாதும்மா" என்று பதில் வந்தால் நான் வேறு ஆளைத் தேடுவேன். ஜாக்கெட்டைப் போட்டு வார்களை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் தொளதொள என்று இருக்கிறது என்று அர்த்தம், வேறு அளவு கேளுங்கள்.

6. ஒரே படகா, இரண்டா?

புதியவரோடு என்றால் ஒரே படகு, இரண்டு இருக்கை. மேலே உட்காரும் திறந்த வகையைக் கேளுங்கள். கவிழ்ந்தாலும் உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டோம். எடை கூடியவரும் பழகியவரும் பின்னால். திருப்புவது பின்னாலிருப்பவர் வேலை, துடுப்பின் தாளம் முன்னாலிருப்பவர் கையில். அம்மா போட்ட வேகத்துக்கு நான் போட்டேன். துடுப்புகள் முட்டிக்கொள்வது அதோடு நின்றது. அம்மா கையை எடுத்துவிட்டுக் கொக்கு பார்த்தபோது நானும் நிறுத்திவிட்டேன்.

சேலையும் நீள துப்பட்டாவும் வேண்டாம், ஜீன்ஸும் வேண்டாம். நனைந்தால் சீக்கிரம் காயும் துணியே நல்லது.

தென்காசியிலிருந்து வருபவர்கள் செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் ரயிலில் முந்தின நாளே போய்விடுங்கள். வழியில் பதின்மூன்று கண் பாலத்தையும் பார்க்கலாம்.

பின்சேர்க்கை

செயலியில் நீர் ஏறும் நேரம் பார்த்துப் போயும் கால்வாய் சேறாக இருந்தது என்று இதைப் படித்த ஒருவர் எழுதியிருந்தார். நான் சொல்ல விட்டுப்போனது இது: அந்த நேரம் கடற்கரைக்கானது. ஏற்றம் காயல் வழியாக உட்புறக் கால்வாய்க்கு வந்துசேர நேரம் ஆகும். எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். துல்லியமாகச் சொல்ல அங்கே மீன்பிடிப்பவரால்தான் முடியும், அவரைக் கேளுங்கள்.

இன்னொருவர் தாழ்வான பாலத்தில் தலை இடித்துக்கொண்டாராம். நீர் முழுதாக ஏறியிருக்கும்போது மன்றோ தீவுக் கால்வாய்களில் சில பாலங்களின் கீழே முழுக்கக் குனிந்துதான் போக முடியும். பாலம் தெரிந்ததும் முன்னாலிருப்பவரிடம் சொல்லிவிடுங்கள், துடுப்பைப் படகுக்கு நெடுக்காக மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கையால் பாலத்தைப் பிடிக்க வேண்டாம், படகு மட்டும் நகர்ந்துவிடும்.

ஒன்று நானாகவே சேர்க்கிறேன். அந்தக் கால்வாய்கள் வீட்டு வாசல்கள். பெரிய ஏற்றத்தின்போது அங்கே வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வருகிறது, மக்கள் அதோடுதான் குடித்தனம் நடத்துகிறார்கள். காலை ஆறரை மணிக்கு அங்கே பாட்டுப் பெட்டி வேண்டாம். படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் என் அம்மா தமிழில் பேச்சுக் கொடுத்தாள், அவர் மலையாளத்தில் பதில் சொன்னார். நான் துடுப்பைச் சேற்றில் ஊன்றிப் படகைப் பிடித்துக்கொண்டிருந்தேன், பேச்சு முடிய கால் மணி நேரம் ஆனது.