பெயரில்லாத ஃபங்ஷன் தன்னையே அழைக்க

கோத்தகிரியில் தேயிலை ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறேன். எஸ்டேட்டுக்குள் டிவிஷன், டிவிஷனுக்குள் ஃபீல்டு, ஃபீல்டு வாரியாக அன்றைய பச்சை இலை எடை. இதைக் கூட்டும் ஃபங்ஷன், அதாவது அந்த வேலையைச் செய்யும் நிரல் துண்டு, தன்னையே அழைத்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும். பெயர் வைக்காமல் எழுதிய ஃபங்ஷன் என்றால் எதைச் சொல்லி அழைப்பது?

ஜாவாஸ்கிரிப்டில் ஃபங்ஷனைத் தனி அறிவிப்பாக இல்லாமல் ஒரு மதிப்பாக எழுதும்போது, ‘ஃபங்ஷன்’ என்ற சொல்லை அடுத்து ஒரு பெயர் வையுங்கள். ‘கூட்டு’ என்று தமிழிலேயே வைக்கலாம், ஏற்றுக்கொள்ளும். அந்தப் பெயர் ஃபங்ஷனுக்கு உள்ளே மட்டும்தான் தெரியும் என்பதால் வெளியே எதனோடும் மோதாது. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. இயங்கும் ஃபங்ஷனையே குறிக்கும் பழைய ‘ஆர்கியுமென்ட்ஸ்.காலீ’ வேண்டாம், விதிகள் கடுமையான ஸ்ட்ரிக்ட் மோடில் பிழை தரும். ‘=>’ குறி போட்டு எழுதும் ஏரோ ஃபங்ஷன் என்றால் ‘கான்ஸ்ட்’ மாறியில் போட்டு, அந்தப் பெயரால் அழையுங்கள்.

கோ மொழியில் முதலில் ‘வார்’ போட்டு மாறியை அறிவித்துவிட்டு, அப்புறம் ஃபங்ஷனை அதில் வையுங்கள். ‘:=’ போட்டு ஒரே வரியில் முடித்தால் உள்ளே அந்தப் பெயர் தெரியாது, கம்பைலர் நிறுத்திவிடும்.

பைத்தானில் பெயரில்லாத ஃபங்ஷனுக்கு லாம்டா என்று பெயர். அதை அழைக்கும்போது அதையே முதல் ஆர்கியுமென்டாக (உள்ளே தரும் மதிப்பாக) கொடுக்கலாம். தர்க்கவியலாளர் ஹாஸ்கெல் கரியின் ஒய் காம்பினேட்டர், பெயரில்லாமலே ஒரு ஃபங்ஷன் தன்னை அழைக்க வைக்கும் சூத்திரம், இந்த யோசனையின் அழகான வடிவம். படித்துப் பாருங்கள், ஆனால் ஆலைக் கணக்கில் வேண்டாம், அடுத்து வருபவர் திணறுவார். சி++23-ல் லாம்டாவின் முதல் பாராமீட்டராக ‘திஸ் ஆட்டோ செல்ஃப்’ எழுதினால் ‘செல்ஃப்’ வழியாகவே அழைக்கலாம்.