விண்வெளி கேக்: கறுப்பு கிரீமைக் கோகோவில் தொடங்குங்கள்

கறுப்பு வானத்துக்கு வெள்ளை பட்டர்கிரீமில் கலரைக் கொட்டாதீர்கள்; கோகோ கிரீமில் தொடங்குங்கள். 250 கிராம் வெண்ணெய், 400 கிராம் ஐசிங் சுகர், சலித்த கோகோ 60 கிராம் சேர்த்து அடித்து, ஒரு டீஸ்பூன் கறுப்பு ஜெல் கலர் கலந்து, மூடி, முந்தின இரவே வைத்துவிடுங்கள். கலக்கியவுடன் சேற்று நிறமாகத்தான் இருக்கும். பதறி இன்னும் கலர் ஊற்ற வேண்டாம், காலைக்குள் நன்றாகக் கறுத்துவிடும்.

கோகோவே அடர் பழுப்பு என்பதால் கொஞ்சம் கலர் போதும். ஜெல் கலர் நேரம் போகப் போகத்தான் முழுதாக ஏறும். வெள்ளையிலிருந்து போனால் பாட்டில் பாதி காலியாகும், கிரீம் கசக்கும், சாப்பிடுகிறவர்களின் நாக்கும் பல்லும் கறுத்துப்போகும்.

நட்சத்திரங்களுக்கு: பூசிய கேக்கை 30 நிமிடம் ஃபிரிட்ஜில் இறுக விட்டு, வெள்ளை ஜெல் கலரில் சில சொட்டுத் தண்ணீர் கலந்து, புது டூத்பிரஷ்ஷால் தெறியுங்கள். பால்போல் நீர்த்துவிட்டால் புள்ளி நிற்காது, கோடாக வழியும். முதலில் ஒரு தாளில் தெறித்துப் பாருங்கள்.

விப்பிங் கிரீமுக்கு இது சரிவராது. இரவெல்லாம் வைத்தால் தளர்ந்து நீர் விடும். ஊதா, நீல நெபுலாவுக்கும் (விண்வெளியின் வண்ண மேகம்) கோகோ ஆகாது, நிறம் மங்கிவிடும். அதற்கு மட்டும் வெள்ளை கிரீமைத் தனியே எடுத்து வையுங்கள்.