சாப் 900: செயின் மாற்றிய பின் எழும் இரைச்சலில் செய்யக்கூடாத தவறுகள்

ஸ்வீடன் நாட்டு சாப் நிறுவனம் 1978-இல் அறிமுகப்படுத்திய 900 காரில் என்ஜின் முன்பின்னாகத் திரும்பி அமர்ந்திருக்கும்; கிளட்ச் ரேடியேட்டர் பக்கம் இருக்க, அங்கிருந்து விசை செயின்கள் வழியாகக் கீழே உள்ள கியர்பாக்ஸுக்கு இறங்கும். (1993-இல் வந்த அடுத்த தலைமுறை 900-இல் என்ஜின் குறுக்காக இருப்பதால், இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.) தேய்ந்த செயின்களை மாற்றிய மறுநாள் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல் கேட்டால், புதிய செயின்தான் சரியில்லை என்று முடிவுகட்டி மீண்டும் கழற்றுவதே பலரும் செய்யும் முதல் தவறு.

இரைச்சல் என்ஜின் வேகத்தைப் பின்தொடர்கிறதா, சக்கர வேகத்தைப் பின்தொடர்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். வண்டி நியூட்ரலில் நிற்கும்போது, கிளட்ச் பெடலை மிதிக்காதவரை செயின்கள் என்ஜினோடு சுழலும்; மிதித்தால் சற்று நேரத்தில் நின்றுவிடும். ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்ப ஏறி, பெடலை மிதித்ததும் மறையும் ஓசைக்குச் செயின், டென்ஷனர் (செயினைத் தளராமல் இறுக்கி வைக்கும் பாகம்), கியர்பாக்ஸின் உள்ளீட்டுப் பக்க பேரிங்குகள் ஆகியவையே காரணமாக இருக்கக்கூடும். மாறாக, மிதித்தால் மட்டும் கேட்கும் ஓசை கிளட்ச் ரிலீஸ் பேரிங்குடையது.

சாலையில் சோதிப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். கியரில் இருக்கும்போதே கிளட்சை மிதித்து வண்டியை உருளவிட்டால், சக்கரங்களே கியர்பாக்ஸ் வழியாகச் செயின்களைச் சுழற்றிக்கொண்டிருக்கும். எனவே அந்தச் சோதனையால் எதுவும் தெளிவாகாது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், ஆளில்லாத சமதளச் சாலையில், நியூட்ரலுக்கு மாற்றிய பின் கிளட்சை மிதித்துக் கேளுங்கள். அப்போதும் ஓசை தொடர்ந்தால் செயின் குற்றவாளியல்ல. பினியன் (டிஃபரன்ஷியலைச் சுழற்றும் சிறு பற்சக்கரம்) பேரிங், டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் அமைப்பு), சக்கர பேரிங் என்று தேட வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது உரத்து, விட்டதும் அடங்கும் ஓசை பினியன் பக்கத்தைச் சுட்டும். இந்த கியர்பாக்ஸுகளில் பினியன் பேரிங் பெயர்பெற்ற பலவீனம். பழைய செயினின் கடகடப்பில் அமுங்கிக் கிடந்த அதன் முனகல், கடகடப்பு போனதும் புதிதாகப் பிறந்ததுபோல் தோன்றும்.

உண்மையிலேயே செயின் பக்கம்தான் என்று தெரிந்தால், பல் தேய்ந்த பழைய ஸ்பிராக்கெட்டுகளின் (செயின் ஓடும் பற்சக்கரங்கள்) மேல் புதிய செயினைப் பூட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். புதிய செயினின் கண்ணிகள் அந்தப் பற்களில் ஒழுங்காக அமராது. டென்ஷனர் சிக்கியோ, அளவுக்கு மீறி இறுகியோ இருந்தாலும் இரைச்சல் வரும். எண்ணெயைப் பார்க்க மறப்பதுதான் என் கணிப்பில் மிக அசட்டையான தவறு. கியர்பாக்ஸ் என்ஜினுக்கு அடியிலேயே இருந்தாலும் இரண்டுக்கும் எண்ணெய் வேறு வேறு. என்ஜின் எண்ணெயின் அளவுக்கோலைப் பார்த்துத் திருப்தியடைந்தவர், உள்ளே கியர்கள் காய்ந்து ஓடுவதை அறியமாட்டார்.

கியர்பாக்ஸ் எண்ணெயை வடிக்கும்போது வடிதுளை மூடியின் காந்தத்தில் ஒட்டிய பசையை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். மை போல வழவழப்பாக இருந்தால் கவலையில்லை. சில்லுகள் உறுத்தினால், வண்டியை ஓட்டிச் சோதிப்பதை அத்துடன் நிறுத்திவிட்டு கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்லுங்கள்.