கிராஸ்ஓவரில் டிரெய்லர் மாட்டுமுன் போட வேண்டிய எடைக் கணக்கு

அமெரிக்காவிலோ கனடாவிலோ வீடு மாற்றவும் கேம்பிங் போகவும் டிரெய்லர் எடுக்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது, "என் கார் எவ்வளவு இழுக்கும்?" என்பதைத்தான். தேடினால் ஓர் எண் கிடைக்கும். எண் சரிதான், ஆனால் அது உங்கள் குடும்பமும் பெட்டிகளும் ஏறாத காருக்கான எண். கிராஸ்ஓவர்களில் (கார் அடித்தளத்தில் கட்டிய எஸ்யூவி வகை) பெரும்பாலும் இழுவைத் திறன் தீருமுன்பே கார் சுமக்கும் திறன் தீர்ந்துவிடும்.

படி 1: உங்கள் மாடலுக்கு உரிய எண்ணை எடுங்கள்

காரின் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். 2019 மாடலாக வந்த டோயோட்டா ராவ்4 தலைமுறையில், அமெரிக்காவில் சாதாரண பெட்ரோல் வகைக்கு 1,500 பவுண்டு, ஹைப்ரிடுக்கு 1,750, அட்வென்ச்சர் வகைக்கு 3,500. அட்வென்ச்சரிலும் அதே 2.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின்தான். அதைக் குளிர்விக்கும் ஏற்பாடு அங்கே பலமானது. ஹோண்டா பைலட்டில் முன்சக்கர இயக்கம் என்றால் 3,500, நான்கு சக்கரமும் இயங்கினால் 5,000.

எண்ணை ஓனர் மேனுவலில் பாருங்கள். நிபந்தனைகளும் அங்கேதான் இருக்கும். சில ஹோண்டா மேனுவல்களில் காரில் ஏறும் ஆட்கள் கூடக்கூட எண் குறையும் அட்டவணையே உண்டு.

பிரிட்டன் வீடியோ பார்த்து ஏமாறுவதும் நடக்கிறது. அங்கே நான்கு சக்கர ராவ்4 ஹைப்ரிடுக்கு, பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 1,650 கிலோ. அமெரிக்காவின் 1,750 பவுண்டு 800 கிலோவைக்கூடத் தொடாது. சோதனை முறையே வேறு. ஐரோப்பிய விதி 12 சதவீத ஏற்றத்தில் ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை நின்று கிளம்பச் சொல்கிறது. டிரெய்லரோடு போகும் வேகமும் அங்கே குறைவு, ஹிட்ச் (டிரெய்லரை மாட்ட காரின் பின்னால் பொருத்தும் இரும்பு அமைப்பு) மேல் விழும் எடையும் குறைவு. அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) வகுத்த ஜே2807 என்ற இழுவைச் சோதனைத் தரம் அரிசோனாவின் டேவிஸ் டாம் ஏற்றத்தைக் கணக்கில் வைத்தது: 100 டிகிரி பாரன்ஹீட் வெயில், ஏசி முழு வேகத்தில், சுமார் 11 மைல் மலையேற்றம். அதிலும் காருக்குள் ஆளுக்கு 150 பவுண்டு எடையில் இரண்டே பேர்.

படி 2: கதவு ஸ்டிக்கரைப் படியுங்கள்

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்றழுத்தம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை எடைக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் பேலோடு. ஒரே மாடலில்கூட சன்ரூஃப், பெரிய சக்கரம் என்று சேரும்போது இது காருக்குக் கார் மாறும். உங்கள் கார் ஸ்டிக்கரையே பாருங்கள்.

டிரெய்லரின் முன்மூக்கு ஹிட்ச் மேல் அழுத்தும் எடைக்கு டங் வெயிட் என்று பெயர். அதையும் காரே சுமக்கிறது, ஆகவே பேலோடில்தான் கழியும். வட அமெரிக்காவில் இது டிரெய்லர் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும்.

3,500 பவுண்டு இழுக்கும் என்று சொல்லப்படும் ஒரு காரின் பேலோடு 900 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம்.

- நான்கு பெரியவர்கள், ஆளுக்கு 160: 640
- டிக்கியில் சாமான்: 100
- பிறகு வாங்கிப் பொருத்திய ஹிட்ச்: 40
- மிச்சம்: 120 பவுண்டு

120 என்பது 10 சதவீதம் என்றால் டிரெய்லர் 1,200 பவுண்டுதான். 13 சதவீதம் என்றால் 920 ஆகிவிடும். 3,500 எங்கே, 920 எங்கே!

படி 3: டிரெய்லரின் வெற்று எடையைக் கழியுங்கள்

வாடகைக்கு விடும் யூ-ஹால் நிறுவனத்தின் மூடிய 5×8 அடி டிரெய்லர் வெறுமையாகவே 900 பவுண்டு. அதில் 1,800 பவுண்டு ஏற்றலாம் என்பது டிரெய்லரின் திறன், உங்கள் காருடையது அல்ல. 1,500 பவுண்டு இழுக்கும் காரில் மாட்டினால் 600 பவுண்டு சாமானுக்குத்தான் இடம். ஒரு ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் புத்தகப் பெட்டிகளும் அதை எளிதில் தின்றுவிடும்.

படி 4: ஹிட்ச், பால், பிரேக்

ரிசீவர் (காரில் பொருத்தும் சதுரக் குழாய்), பால் மவுண்ட் (அதில் செருகும் தண்டு), பால் (டிரெய்லர் மூக்கு அமரும் இரும்புக் குண்டு) மூன்றிலும் தனித்தனி எண் பொறித்திருக்கும். கார் உட்பட நான்கில் எது குறைவோ அதுவே உங்கள் எல்லை. கிளாஸ் 1 ஹிட்ச் 2,000 பவுண்டு வரை, கிளாஸ் 2 3,500 வரை. கிளாஸ் 3 ஹிட்ச் வாங்கிப் போட்டால் கார் அதிகம் இழுக்கும் என்று நம்பி 1,500 பவுண்டு காரில் பொருத்துபவர்கள் நிறைய. இரும்பு தாங்கும், கியர்பாக்ஸ் தாங்காது. சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) இருந்தால் நீண்ட ஏற்றத்தில் எண்ணெய் சூடேறி, கார் தானாகவே வேகத்தைக் குறைக்கும்.

டிரெய்லருக்குத் தனி பிரேக் எப்போது கட்டாயம் என்பது இடத்துக்கு இடம் மாறும்: கலிஃபோர்னியாவில் கேம்பிங் டிரெய்லருக்கு 1,500 பவுண்டு, ஒன்டாரியோவில் 1,360 கிலோ. பல கார் மேனுவல்கள் 1,000 பவுண்டுக்கு மேலேயே கேட்கின்றன. மின்சார பிரேக் என்றால் நான்கு கம்பி இணைப்பு போதாது. ஏழு முனை இணைப்பும் காருக்குள் இருந்து டிரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரும் வேண்டும்.

படி 5: எடை போடுங்கள்

டிரக் ஸ்டாப்களில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடைகளில் கார்களையும் எடை போடலாம். முன்சக்கரம், பின்சக்கரம், டிரெய்லர் மூன்றும் தனித்தனி மேடையில் நிற்கட்டும். பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு, அதே ஆட்களோடு காரை மட்டும் மறுபடி போடுங்கள். ஓர் உதாரணம்:

- மாட்டியபோது: முன் 2,050, பின் 2,480, டிரெய்லர் சக்கரம் 1,170
- கார் மட்டும்: முன் 2,110, பின் 2,300

மாட்டியபோது கார் 4,530, தனியாக 4,410. வித்தியாசமான 120 பவுண்டுதான் டங் வெயிட். டிரெய்லர் மொத்தம் 1,170 + 120 = 1,290, ஆக 9 சதவீதம்தான். சாமானைக் கொஞ்சம் முன்னால் தள்ளி 150-க்குக் கொண்டுவர வேண்டும். பின்சக்கரம் 180 பவுண்டு கனத்து, முன்சக்கரம் 60 பவுண்டு இலேசானதையும் கவனியுங்கள். அதனால்தான் ஸ்டியரிங் மிதப்பது போல இருக்கும். கடைசியாக, 4,530-ஐயும் பின்சக்கர எடையையும் கதவுத் தூணிலுள்ள மொத்த எடை, அச்சு எடை வரம்புகளோடு ஒப்பிடுங்கள்.

ஸ்கேல் அருகில் இல்லையென்றால் டங் வெயிட்டை மட்டும் வீட்டிலேயே பார்க்கலாம். குளியலறை எடைக்கருவியையும் அதே உயரச் செங்கலையும் 3 அடி தள்ளி வைத்து, இரண்டின் மேலும் குறுக்கே ஒரு பலகை போடுங்கள். செங்கலிலிருந்து 1 அடியில் டிரெய்லர் மூக்கை இறக்குங்கள். பலகை எடையைக் கழித்த பின் வருவதை மூன்றால் பெருக்குங்கள்.

சாலையில்

சுமையில் 60 சதவீதம் டிரெய்லரின் முன்பாதியில் இருக்கட்டும். பின்பாரம் கூடினால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அப்போது கார் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள், வேகமெடுத்து நேராக்கவும் பார்க்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக் கன்ட்ரோலர் இருந்தால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல அழுத்துங்கள். ஆட்டம் நின்றதும் ஓரங்கட்டி, சாமானை மாற்றி அடுக்கிய பிறகே கிளம்புங்கள்.