கினிஷ் கிழியாமல் வர

கினிஷ் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் நியூயார்க்குக்குக் கொண்டுபோன உருளைக்கிழங்குப் பூரணப் பலகாரம். ருசி முழுக்க வெங்காயத்தில்தான். 1 கிலோ கிழங்குக்கு 3 பெரிய வெங்காயத்தைச் சிறு தீயில் முக்கால் மணி நேரம், நல்ல பழுப்பாகும்வரை வதக்குங்கள். அவசரப்பட்டால் கருகும், இனிப்பு இறங்காது.

மாவுக்கு வெண்ணெய் வேண்டாம், எண்ணெய்தான். இறைச்சியோடு பால் பொருள் சேர்க்காதது யூத வழக்கம். எண்ணெயில் செய்தால் இறைச்சி விருந்திலும் வைக்கலாம். இரண்டரை கப் மைதா, 1 முட்டை, அரை கப் எண்ணெய், அரை கப் தண்ணீர், சிறு ஸ்பூன் வினிகர், உப்பு. பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். அப்புறம் அடியில் வைத்த விரல் தெரியும் அளவுக்கு மெல்லிசாக விரியும்.

பூரணம் முழுக்க ஆறட்டும். சூட்டோடு சுருட்டினால் ஆவியில் மாவு நனைந்து கிழிந்துவிடும்.