மலேரியா ஸ்லைடு: கிருமி எந்த அணுவில் புகுந்தது என்று பார்ப்பது

மங்களூர், குஜராத் கரைகளில் மாதக்கணக்கில் தங்கி மீன்பிடித்துவிட்டு, குமரிக் கரையின் தூத்தூருக்கோ குளச்சலுக்கோ திரும்பியவருக்குக் குளிர்காய்ச்சலா? மாத்திரை தொடங்கும் முன்பே ரத்தத்தை ஸ்லைடில் எடுத்துவிடுங்கள்.

ஒரே ஸ்லைடில் இரண்டு படலம். தடித்ததற்கு 6 மைக்ரோலிட்டர், 10–12 மில்லிமீட்டர் வட்டமாக. அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து மங்கலாகத் தெரிய வேண்டும். மெல்லியதற்கு 2 மைக்ரோலிட்டர். இன்னொரு ஸ்லைடை 45 டிகிரி சாய்த்து ஒரே தள்ளு. மெல்லியதை மட்டும் மெத்தனாலில் நனையுங்கள். தடித்ததில் அதன் ஆவி பட்டாலும் சிவப்பணு கரையாது, கிருமி மறைந்துவிடும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் படலம் காயாது என்று ஸ்பிரிட் விளக்கில் காட்டினாலும் இதே கதிதான். ஃபேன் காற்று போதும். மூடி வையுங்கள், எறும்பு தின்றுவிடும்.

பிறகு 10 சதவீத ஜீம்சா சாயம், 10 நிமிடம். பி.எச். (அமில அளவு) 7.2 உள்ள பஃபரில், அதாவது அந்த அளவு மாறாத கரைசலில்தான் கலக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். அமிலம் கூடினால், இனம் பிரிக்க உதவும் புள்ளிகள் தெரியாது.

எண்ணெய் விட்டு நுண்ணோக்கியின் 100 மடங்கு லென்ஸில் பார்ப்பதற்கு முன், கிருமி புகும் விதத்தை மனதில் வையுங்கள். மீரோசோயிட், அதாவது சிவப்பணுவில் புகும் நிலையிலுள்ள கிருமி, அதில் ஒட்டியதும் தன் கூர்முனையை அணுவின் பக்கம் திருப்பும். முனையிலுள்ள மைக்ரோனீம் பைகள் ஏஎம்ஏ1 புரதத்தைச் சுரந்து கிருமியின் மேற்பரப்பில் நிறுத்தும். ரோப்ட்ரி பைகளோ ஆர்ஓஎன்2 புரதத்தைச் சிவப்பணுவின் சவ்விலேயே செருகிவிடும். பூட்டையும் சாவியையும் திருடனே கொண்டுவருகிறான்! இரண்டும் கவ்விய வளையத்தின் வழியே ஒரு நிமிடத்துக்குள் கிருமி உள்ளே போய்விடும்.

ஆனால் முதலில் எந்த அணுவைப் பிடிப்பது? மலேரியாக் கிருமியின் ஓர் இனமான பால்சிபாரத்தின் ஆர்எச்5 புரதம், சிவப்பணுவின் மேலுள்ள பேசிஜின் புரதத்தைப் பிடிக்கும். அது இளசு, முற்றல் எல்லா அணுவிலும் உண்டு. அதனால் ஸ்லைடில் மெல்லிய மோதிரம் போன்ற இளம் கிருமிகள் நிறைய இருக்கும், ஒரே அணுவில் இரண்டுகூட, அணு பெரிதாகாது. இன்னோர் இனமான வைவாக்ஸின் ஆர்பிபி2பி புரதம் தேடுவது டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி, அதாவது அணுவுக்குள் இரும்பை வாங்கும் புரதம். அது இளம் சிவப்பணுவில் மட்டும்தான், அவையோ மொத்தத்தில் 1–2 சதவீதம். ஆகவே கிருமி குறைவாக இருக்கும். அணு பெருத்து, இளஞ்சிவப்புப் புள்ளி விழுந்திருக்கும்.

வைவாக்ஸ் கண்டதும் நிறுத்தாதீர்கள், பால்சிபாரமும் கலந்திருக்கலாம். தடித்த படலத்தில் 100 புலம் (லென்ஸில் ஒரு முறை தெரியும் வட்டம் ஒரு புலம்) பார்க்காமல் 'இல்லை' என்று எழுதவும் கூடாது. முதிர்ந்த பால்சிபாரம் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்வதால் விரல் ரத்தத்தில் வராமல் போகும். காய்ச்சல் விடவில்லையென்றால் 12–24 மணி நேரத்தில் மறுபடி விரலைக் குத்தி ரத்தம் எடுங்கள்.