பழைய ராஜா ராணி போட்டோவ எப்படி பாக்கணும்?

பழைய அரச குடும்பத்து போட்டோவ பாத்தா எல்லாரும் மொதல்ல நகையோட விலையத்தான் பேசுறாங்க, அத விடுங்க. உடம்புல இருக்குற ஒவ்வொண்ணையும் பாத்து ரெண்டே கேள்வி கேளுங்க: இது எங்கேருந்து வந்துச்சு, மொதல்ல எப்போ போட்டாங்க?

விக்டோரியா ராணியோட 1897 வைர விழா (பட்டத்துக்கு வந்த 60வது வருஷம்) போட்டோவ நெட்ல தேடி எடுத்து வச்சிக்கங்க. தேதிய சரிபாருங்க, ஏன்னா அத வெளியிட்டதுதான் 1897ல, எடுத்தது 1893 ஜூலைல, பேரன் ஜார்ஜ் கல்யாண சமயத்துல. இப்ப தலைக்கு வாங்க. அந்த லேஸ் முக்காடு அவங்க 1840ல தன்னோட கல்யாணத்துக்கு போட்டது. ஆனா கவுன் கறுப்பு, 1861ல புருஷன் ஆல்பர்ட் செத்ததுலேருந்து கடைசி வரைக்கும் துக்க உடைதான். மேல மணப்பொண்ணு முக்காடு, கீழ விதவைக் கறுப்பு, ரெண்டும் ஒரே உடம்புல! எனக்கு அந்தப் படத்துலயே பெரிய விஷயம் இதுதான், வைரமெல்லாம் அப்புறம்.

கிரீடம் ஏன் அவ்ளோ குட்டியா இருக்குன்னு தோணும். 1870ல செஞ்சது, 1,187 வைரம், நிறைய கல்லு அவங்க சொந்த நெக்லஸ்லேருந்து எடுத்தது. பெரிய கிரீடம் கனம், விதவைத் தொப்பி மேல உக்காராது, அதனால இது, அதோட நிறமில்லாத கல்லுங்கறதால துக்கத்துலயும் போடலாம். அதாவது கிரீடம்தான் துக்கத்துக்கு ஏத்த மாதிரி மாறியிருக்கு, துக்கம் கிரீடத்துக்காக மாறல.

நம்ம மகாராஜாக்கள் போட்டோவுக்கும் இதே கேள்விதான். தலைப்பாகைல குத்துற சர்பெச்ங்கற நகை அவங்க அரச அந்தஸ்தச் சொல்லும். நெஞ்சுக்கு வந்தா, 1861ல பிரிட்டிஷ்காரங்க ஆரம்பிச்ச ஸ்டார் ஆஃப் இந்தியா விருது பதக்கம் தொங்குதான்னு ஜூம் பண்ணி பாருங்க, அதுல விக்டோரியா முகம் செதுக்கியிருக்கும். எவ்ளோ பெரிய ராஜாவா இருந்தாலும் தனக்கு மேல இருக்குறவங்க முகத்த நெஞ்சுல சுமந்துகிட்டு நிக்கிறாரு, முத்து மாலைய மட்டும் பாத்தா இது கண்ணுல படாமலே போயிடும்.

கலர மட்டும் கறுப்பு வெள்ளைய வச்சி முடிவு பண்ணாதீங்க. அந்தக் காலத்துல ஃபிலிமுக்குப் பதிலா இருந்த கண்ணாடி பிளேட்டுக்கு நீலம் வெளுப்பாவும் சிவப்பு கருப்பாவும்தான் தெரியும், அதனால அந்த விருதோட வெளிர்நீல பட்டை கிட்டத்தட்ட வெள்ளையா இருக்கும். அப்புறம் அதே விருதோட இன்னொரு பகுதியான நட்சத்திர பதக்கத்த இடது மார்புலதான் குத்துவாங்க, வலது பக்கம் இருந்தா பிரிண்ட் திருப்பிப் போட்டதான்னு மொதல்ல சந்தேகப்படுங்க.